கேட்டில் நிற்கும் இன்ஜின், வெடிக்கும் தார் ரோடு, வெளுக்கும் ஜல்லி: மாடல் ரயில் லேஅவுட்டில் எது கெட்டால் எங்கே பார்ப்பது

என் லேஅவுட், அதாவது பலகைமேல் தண்டவாளமும் ஊருமாக அமைத்த குட்டி ரயில், மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட அறையில் இருக்கிறது. எட்டுக்கு நாலு அடி பிளைவுட், எச்ஓ அளவு, அதாவது 1:87, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. கிணத்துக்கடவுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இருப்பதாக நானே கற்பனை செய்துகொண்ட ஒரு சின்ன ஸ்டேஷன், அதை ஒட்டி ஒரு ரயில்வே கேட், ஒரு தார் ரோடு, தென்னந்தோப்பு, கொஞ்சம் மேட்டுக்காடு, அதாவது மானாவாரி நிலம். தண்டவாளம் போட்டு வண்டி ஓட்ட ரெண்டு வாரம்தான் ஆனது. அதன்மேல் மண்ணும் ரோடும் போட ஆரம்பித்த பிறகுதான் தலைவலி ஆரம்பம். நாம் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வீடியோக்களில் பாதிக்கு மேல் குளிர் நாட்டுக்காரர்கள் போட்டவை. அவர்கள் 'ராத்திரி முழுக்கக் காய விடுங்கள்' என்பார்கள். இங்கே ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக வந்தால் ரெண்டு மணி நேரத்தில் எல்லாம் காய்ந்து வெடித்து நிற்கும். அவர்கள் 'குழாய்த் தண்ணீர்' என்றால் அது வேறு தண்ணீர், நம் போர் தண்ணீர் வேறு. கீழே வரும் கோளாறுகளில் பலவற்றுக்கு நம் காற்றும் தண்ணீரும் மண்ணும்தான் காரணம். எனக்கு அதிகத் தொல்லை கொடுத்ததை முதலில் வைக்கிறேன்.

மற்ற இடத்தில் நன்றாக ஓடும் இன்ஜின் ரயில்வே கேட்டில் மட்டும் நிற்கிறது, அல்லது துள்ளுகிறது

இன்ஜினைக் கழற்றாதீர்கள். நான் கழற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, இன்ஜினில் ஒன்றுமில்லை.

முதலில் கரண்டை நிறுத்திவிட்டு ஒரு சரக்கு வேகனை எடுத்து, ஒரு விரலால் மெதுவாகக் கேட்டின்மேல் தள்ளிப் பாருங்கள். டக் என்று தட்டி ஏறி இறங்கினால், தண்டவாளத்தின் உள்பக்கம் சக்கரத்தின் விளிம்பு ஓடவேண்டிய பள்ளத்தில் பிளாஸ்டர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். எச்ஓ-வுக்கு அந்தப் பள்ளம் சுமார் 1.3 மி.மீ. அகலம் வேண்டும். பழைய இன்ஜின்களின் சக்கர விளிம்பு கொஞ்சம் ஆழமாக இருக்கும் என்பதால் ஆழம் 1.5 மி.மீ. வைத்துக்கொண்டால் வம்பில்லை. அடைத்ததைச் சுரண்ட ஆக்ஸா பிளேடு துண்டு ஒன்று போதும். பல் உள்ள பக்கம் ஏறக்குறைய ஒரு மி.மீ. அகலத்துக்கு வெட்டும், ரெண்டு தடவை இழுத்தால் சரியான அகலம் வந்துவிடும். தண்டவாளத்தின் உள் ஓரத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கீறினால் அந்த இடத்தில் அழுக்கு சேரும்.

வேகன் வழுக்கிக்கொண்டு போகிறது, இன்ஜின் மட்டும்தான் நிற்கிறது என்றால் கதை வேறு. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நீங்கள் போட்ட ரோடு உயரமாக இருக்கிறது. இன்ஜினின் அடியில் இருக்கும் கியர் பெட்டி அதில் உட்கார்ந்து, சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஒரு முடி அளவு எழும்பிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. சாக்பீஸை அந்த நடு ரோட்டில் நன்றாகத் தேய்த்துவிட்டு இன்ஜினை ஒரு தடவை கையால் தள்ளி எடுத்துத் திருப்பிப் பாருங்கள், வயிற்றில் வெள்ளை ஒட்டியிருந்தால் ஆசாமி அகப்பட்டான். உப்புத்தாளை ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றி, நடுப்பகுதி தண்டவாளத் தலையைவிட அரை மி.மீ. தாழும்வரை தேயுங்கள். நிஜக் கேட்டில் ரோடு தண்டவாளத்துக்குச் சமமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். இருக்கட்டும், அரை மி.மீ.யை யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப் போவதில்லை.

சாக்பீஸும் ஒட்டவில்லை என்றால் தண்டவாளத் தலையில் பிளாஸ்டர் படலம் இருக்கும், தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்குக் கரண்ட் ஏறாது. மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் வரும், நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். துடைத்து முடித்து ஆவி போன பிறகுதான் கரண்ட் போட வேண்டும், அது பெட்ரோல் மாதிரிப் பிடிக்கும் சரக்கு.

அடுத்த தடவை கேட் போடும்போது, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து 1.5 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் டேப் சுற்றி, தண்டவாளத்தின் உள்பக்கம் ஒட்டி நிறுத்திவிட்டு அப்புறம் பிளாஸ்டர் பூசுங்கள். இறுகும்போதே இழுத்துவிட்டால் பள்ளம் தானாக நிற்கும். எங்கள் வீட்டில் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை, வைகாசியிலும் ஆவணியிலும் வாரத்துக்கு நாலு வரும்.

தார் ரோடு வெடிக்கிறது, அல்லது தடவினால் விரலில் மாவாக வருகிறது

இந்த ரெண்டும் ஒரே நோய் போலத் தெரியும், ஆனால் வேறு வேறு. ரோடு எதில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்துப் பிரியும்.

சுவர்ப் பட்டி, அதாவது வெள்ளை சிமெண்ட் கலந்த வால் புட்டியில் போட்டிருந்தால், அது காய்வதால் மட்டும் இறுகும் சாமான் இல்லை. சிமெண்ட் மாதிரி ஈரம் குடித்துத்தான் இறுகும். மேலே ஃபேன், பக்கத்தில் ஜன்னல் காற்று, தகரக் கூரைச் சூடு என்று சேர்ந்தால் இறுகுவதற்கு முன்பே தண்ணீர் பறந்துவிடும், மிச்சம் வெறும் மாவு. ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், ரோடு தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் மேலே ஈரத்துணியை ஒரு நாள் போட்டு வையுங்கள். வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் அடிப்பதில்லையா, அதே வேலைதான். ஏற்கெனவே மாவானதைக் காப்பாற்ற வழி இருக்கிறது: ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு நாலு பங்கு தண்ணீர், ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விட், பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு ஊட்டுங்கள். குடிக்கும்வரை ஊட்டலாம். அதற்கும் அடங்காவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடி போடுவதுதான் வழி.

புட்டி வெடித்திருந்தால் காரணம் கனம். ஒரு பூச்சுக்கு ஒன்று, ஒன்றரை மி.மீ.க்கு மேல் போனால் சுருங்கும்போது வெடிக்கும். கனம் வேண்டுமென்றால் அடியில் அட்டையோ, செருப்புக் கடையில் கிடைக்கும் ஃபோம் ஷீட்டோ வைத்துத் தூக்கிக்கொண்டு, புட்டியை மேல்தோலாக மட்டும் பூசுங்கள்.

பிளாஸ்டர் ஆப் பாரிஸ் என்றால் அது இறுகும்போது சுருங்காது, சொல்லப்போனால் துளி விரியும். அதனால் பிளாஸ்டர் ரோடு நீளவாக்கில் வெடித்தால் ரோட்டைக் குறை சொல்லாமல் அடியில் குனிந்து பாருங்கள். ரெண்டு தெர்மாகோல் பலகை சேரும் இடம், அல்லது பிளைவுட் மூட்டு, அதற்கு நேர் மேலேதான் வெடிப்பு ஓடும். அந்த மூட்டை ஒட்டிவிட்டு, மேலே கொசுவலைத் துண்டு ஒன்றை ஃபெவிகாலில் பதித்து, அதன்மேல் பூசினால் பிறகு வெடிக்காது. மூட்டே இல்லாத இடத்தில் சிலந்தி வலை மாதிரி பொடிப்பொடியாக வெடித்தால் கலவையில் தண்ணீர் அதிகம். கணக்கு, ஒரு டம்ளர் தண்ணீருக்கு ரெண்டு டம்ளர் பிளாஸ்டர். தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றக்கூடாது, கட்டி விழும்.

பூசுவதற்குள் கிண்ணத்திலேயே இறுகிப்போகிறதா? போர் தண்ணீரில் கலந்திருப்பீர்கள். உப்பு பிளாஸ்டரைச் சீக்கிரம் இறுக வைக்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் அதை எடுங்கள், இல்லையென்றால் ஆர்ஓ கேன் தண்ணீர். ஒரு ஸ்பூன் வினிகர் விட்டால் இறுகுவது இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். முந்தைய கலவை காய்ந்து ஒட்டியிருக்கும் கிண்ணமும் சீக்கிரம் இறுக வைக்கும், கழுவாமல் மறுபடி கலக்காதீர்கள். நேர்மாறாக, மணிக்கணக்காகியும் இறுகாமல் பிசுபிசு என்று கிடந்தால் பிளாஸ்டர் பழசு, பாக்கெட்டிலேயே ஈரம் குடித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்.

ரோடு பள்ளிக்கூடக் கரும்பலகை மாதிரி இருக்கிறது

கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறீர்கள். நேற்று போட்ட தார்தான் கறுப்பு, நம் வெயிலில் ஒரு வருஷம் கிடந்தால் சாம்பல். அக்ரிலிக் சாம்பலில் துளி பிரவுன் கலந்து அடியுங்கள், சக்கரம் ஓடும் ரெண்டு தடத்தை மட்டும் ஒரு சாயல் கருக்கலாக வையுங்கள். பளபளப்பு இருந்தால் முகப் பவுடரைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து ஊதிவிடுங்கள். எனாமல் பெயின்டைத் தொடவே வேண்டாம்.

அகலமும் பாருங்கள். இரு வழிச் சாலை 7 மீட்டர், 1:87-இல் 8 செ.மீ. ஊருக்குள் போகும் ஒற்றை வழி 3.75 மீட்டர், 4.3 செ.மீ. நடுமேடு இல்லாத ரோடு பலகை மாதிரித்தான் தெரியும். 8 செ.மீ. ரோட்டுக்கு நடுவில் ஒரு மி.மீ.க்கும் குறைவான மேடு இருந்தாலே வெளிச்சம் பட்டதும் ரோடு ரோடாகிவிடும். வெள்ளைக் கோடு டேப்புக்கு அடியில் கசிகிறது என்றால், டேப்பை ஒட்டியதும் முதலில் அதன் ஓரத்தில் ரோட்டின் அதே சாம்பல் நிறத்தை ஒரு தடவை அடித்துக் காயவிட்டு, அப்புறம் வெள்ளை அடியுங்கள். கசிவதெல்லாம் சாம்பலாகக் கசிந்து அடைத்துக்கொள்ளும். கோட்டின் அகலம் ஒரு மி.மீ. சொச்சம். அப்புறம், கேட்டுக்கு முன்னால் வேகத்தடை இல்லாத ரோட்டை நம்மூர் ரோடு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஜல்லி காய்ந்ததும் வெள்ளை பூத்துவிட்டது

மூன்று விதமான வெள்ளை உண்டு. சுத்தமான தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நனைந்ததும் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது உப்பு. ஃபெவிகாலைக் கரைத்த போர் தண்ணீர் பறந்துவிட, அதிலிருந்த உப்பு ஜல்லிமேல் தங்கிவிட்டது. சொட்டு விட்டதும் பால் மாதிரி நிறம் மாறி வழுவழுப்பாக இருந்தால் கெட்டியாக ஊற்றிய பசை. காய்ந்த பிரஷ்ஷால் தட்டினாலே புழுதியாகப் பறந்தால் கழுவாத ஜல்லி.

உப்புக்கு மருந்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். பிரஷ்ஷால் நனைத்து, டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக்கூடாது, ஒற்ற வேண்டும். நாலைந்து தடவையில் போகும். ஏசி பைப்பில் சொட்டும் தண்ணீரும் இதற்கு நன்றாகவே உதவுகிறது, எனக்கு ஒரு பக்கெட் அதில்தான் ஓடியது. பசைக்கு வெதுவெதுப்பான தண்ணீர்.

ஜல்லிக்கு எம்-சாண்டைவிட நல்ல சாமான் கடையில் விலைக்குக் கிடைப்பதில் இல்லை என்பது என் கட்சி. நிஜ ரயில் ஜல்லி உடைத்த கருங்கல், அளவு 20 முதல் 65 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் கால் மி.மீ.யிலிருந்து முக்கால் மி.மீ. எம்-சாண்டும் அதே கருங்கல்லை உடைத்ததுதான், அதனால் முனையும் நிறமும் அப்படியே வரும். ஆற்று மணல் உருண்டை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூழாங்கல் கொட்டியது போலிருக்கும். மாவுச் சல்லடையில் சலித்துப் பெரிசைத் தள்ளுங்கள், டீ வடிகட்டியில் சலித்துத் தூளைத் தள்ளுங்கள், நடுவில் நிற்பதைத் தண்ணீர் தெளியும்வரை கழுவிக் காயவையுங்கள். தூள் கழுவாத எம்-சாண்டில் பசை ஊற்றினால் சேறுதான்.

பசை விட்டதும் ஜல்லி மிதந்து குழி விழுகிறது என்றால் முதலில் ஸ்பிரிட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து பனி மாதிரி தெளித்து முழுசாக நனைத்துக்கொண்டு, அப்புறம் சிரிஞ்சில் பசைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்த நேரம் ஃபேன் ஓடினால் நீங்கள் அளந்து வைத்த ஜல்லி பக்கத்து வயலில் கிடக்கும்.

பாயிண்ட், அதாவது வண்டியைத் தடம் மாற்றிவிடும் தண்டவாளம், நகரவில்லை, ஒட்டிக்கொண்டது என்றால் பதற வேண்டாம். சாதாரண ஃபெவிகால் வெந்நீருக்கு இளகும், சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுப் பத்து நிமிஷம் பொறுத்து, பல்குச்சியால் நகர்த்துங்கள். வேகமாக ஆட்டினால் நகரும் பட்டை உடையும். கதவு வேலைக்கு விற்கும் தண்ணீர் தாங்கும் பசையை ஊற்றியிருந்தால் மட்டும் என்னிடம் மருந்தில்லை, பாயிண்டையே மாற்ற வேண்டும்.

இன்ஜின் வயிற்றில் கறுப்பு மீசை

மணலில் இரும்புத் துகள் இருக்கிறது, மோட்டார் காந்தம் அதை இழுத்துக்கொள்கிறது. நம் பக்கத்து மண்ணில் இது சகஜம், பவுண்டரியிலிருந்து, அதாவது இரும்பு வார்ப்பட்டறையிலிருந்து வாங்கி வந்த மணல் என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்பீக்கர் காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மணல்மேல் நாலு தடவை மேய விடுங்கள். நான் முதல் தடவை மேயவிட்டபோது கவர் முழுக்க முள்ளம்பன்றி மாதிரி நின்றது. ஏற்கெனவே ஒட்டிவிட்ட ஜல்லியின் மேலும் அதே காந்தத்தை ஒரு சுற்று கொண்டுபோங்கள், ஒட்டாத துகள் வந்துவிடும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடு என்றால் மீசை வெள்ளையாகவும் வரும், அது பஞ்சு. அச்சில் சுற்றியிருப்பதை ஊசியால் எடுங்கள், லேஅவுட்டுக்கு ராத்திரியில் பழைய வேட்டியைப் போர்த்துங்கள்.

மலையின் தோல் உரிகிறது, அல்லது மலையே குழியாகிவிட்டது

திருப்பூர் பனியன் வேஸ்ட்டைப் பிளாஸ்டரில் முக்கிப் போர்த்துவதுதான் நான் கண்டதிலேயே மலிவான மலைத்தோல், கிலோக் கணக்கில் கிடைக்கும். ஆனால் என் முதல் மலை ஒரு மாதத்தில் தகடு தகடாக உரிந்தது. வேஸ்ட் கடைக்காரரிடம் புலம்பினேன். அவர் ஒரு துண்டை உருவி லைட்டரில் காட்டினார், அது சுருண்டு உருகிச் சொட்டியது. "இது பாலியஸ்டருங்க தம்பி, தண்ணியே குடிக்காது, பிளாஸ்டரை எங்கீங்க குடிக்கும்? காட்டன்னு கேட்டு வாங்கோணுமுங்க" என்றார். அன்றிலிருந்து வாசலில் நின்று கொளுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறேன். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி.

மலை குழிந்தது என்றால் ரப்பர் பசையோ ஸ்பிரே பெயின்டோ தெர்மாகோலைத் தின்றிருக்கிறது. தெர்மாகோலுக்குத் தண்ணீர்ப் பசையும் தண்ணீர்ப் பெயின்டும் மட்டும்தான். குழியைத் துணியும் பிளாஸ்டரும் வைத்து மூடி, பாறை என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மலைமேல் வண்டி ஏறாமல் சக்கரம் சுற்றுகிறதா? மேட்டுப்பாளையம் ஊட்டி ரயிலைப் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்கள். அது 12-க்கு 1 ஏறுவது நடுவிலிருக்கும் பல் சக்கரப் பாதையால். பல் இல்லாத மாடலுக்கு நூற்றுக்கு ரெண்டு, மிஞ்சினால் மூன்று. ஒரு வண்டிக்கு மேல் இன்னொன்று போக 7 செ.மீ. ஏற்ற வேண்டுமானால் மூன்று சதவீதத்தில் 2.3 மீட்டர் ஓட வேண்டும், எட்டடிப் பலகையின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். மலை ரோடும் அப்படித்தான். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, நமக்கு ஒன்று போதும். அதற்கே உள்வட்ட ஆரம் 16 செ.மீ. கேட்கும், மிச்சத்தை மரத்துக்குப் பின்னால் ஒளித்துவிடுங்கள்.

புல் நிற்காமல் படுத்துவிடுகிறது

கொசு பேட்டையும் டீ வடிகட்டியையும் சேர்த்து, மின்சாரத்தால் புல்லிழையை நிமிர்த்தித் தூவும் கருவி செய்திருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். படுத்துவிடுகிறது என்றால் ரெண்டே இடம் பாருங்கள். ஒன்று, பேட்டின் ஒரு ஒயர் வடிகட்டிக்குப் போகிறது, இன்னொரு ஒயர் ஈரப் பசையைத் தொடவில்லை. ஆணி ஒன்றைப் பசையில் குத்தி அதில் கிளிப்பை மாட்டுங்கள். ரெண்டு, பசை மேல்தோல் கட்டிவிட்டது. காற்றுக் காலத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஒரே தடவையில் பசை தடவாதீர்கள். பேட்டை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் நிற்கும். பிளாஸ்டிக் பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரால் ரெண்டு முனையையும் தொட்டு இறக்கிவிட்டு அப்புறம் கை வையுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். ஸ்பிரிட் தெளித்த ஈரம் இருக்கும்போது கிட்டவே கொண்டுவராதீர்கள், ஒரு பொறி போதும். லேஅவுட்டில் இருக்கும் இன்ஜின்களையும் எடுத்துவிடுங்கள்.

மரத்தூளிலோ தேங்காய் நார்த் துகளிலோ புல் போட்டு, மழைக்காலத்தில் பூஞ்சை வாடை வந்தால் சரக்கைச் சாயம் போடும் முன் வெயிலில் முறுகக் காயவைக்கவில்லை என்று அர்த்தம். மைதாப் பசை காய்ச்சி ஒட்டியிருந்தால் கரப்பானுக்கு விருந்து வைத்திருக்கிறீர்கள், அந்த இடத்தைப் பெயர்த்தெடுப்பதைத் தவிர வழியில்லை.

காரும் பஸ்ஸும் பூதம் மாதிரி நிற்கின்றன

கடையில் கிடைக்கும் உலோகப் பொம்மைக் கார் பெரும்பாலும் 1:64. நாலு மீட்டர் கார் நம் அளவுக்கு 4.6 செ.மீ. இருக்க வேண்டும், அது 6.2 இருக்கும். திருப்பித்தர மனசில்லையென்றால் ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் லேஅவுட்டின் முன் ஓரத்தில், பார்ப்பவருக்குக் கிட்டத்தில் நிறுத்துங்கள். தண்டவாளம் வண்டிக்கு ஒல்லியாகத் தெரிகிறதே என்று கேட்பவர்களுக்கு: ஆமாம். நம் அகலப்பாதை 1676 மி.மீ., 1:87-இல் 19.3 வர வேண்டும், கடையில் விற்பது 16.5. அது உங்கள் பிழை இல்லை, விடுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் நம்மூர் மாதிரி இல்லை

இதற்கு நான் பல மாதம் அலைந்தேன். புல் பச்சையாக இருந்தது, அதுதான் முதல் தப்பு. மேட்டுக்காட்டில் மழை முடிந்து ரெண்டு மாதம் ஆனால் கொழுக்கட்டைப்புல் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். பச்சை வேண்டுமென்றால் வாய்க்காலுக்கும் தென்னைக்கும் அடியில் மட்டும் வையுங்கள். ரெண்டாவது, தார் ரோட்டின் ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் நேராக இருந்தது. சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கங்கே கடித்துவிட்டு, சலித்த செம்மண்ணை உலர்ந்த பிரஷ்ஷால் தார்மேல் ஏற்றிவிட்டேன்.

மூன்றாவது, இட்டேரி. தார் ரோட்டிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடம், ரெண்டு பக்கமும் கிளுவைச் செடி வேலி. தேங்காய் நாரைப் பிய்த்து, பசையில் நனைத்து, ஒன்றரை செ.மீ. உயரத்துக்கு வேலி நட்டு, பொடிப் பச்சையைத் தூவி, கத்தரிக்கோலால் சமமாகக் கத்தரித்தும் விட்டேன். காங்கயம் பக்கம் கொறங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலம், வைத்திருக்கும் எங்கள் பெரியப்பா தீபாவளிக்கு வந்தவர், குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஏங்கண்ணு, வேலி போட்டது சரி, ஆடு எதுல நுழையும்?" என்றார்.

கத்தரித்ததை விரலால் கலைத்து, மேலே ஏழெட்டு நாரை நீட்டி விட்டு, ஒரு இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி ஒரு சந்து வைத்தேன். சந்துக்கு நேர் கீழே புல் வேண்டாம், வெறும் மண்தான்.